ஊசியை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?

ஆஸ்திரேலியாவின் மல்கிரேவில் ஜூலைக் குளிர் இறங்கியதும் அலமாரியிலிருந்து கம்பளி நூல் வெளியே வரும். பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர், மருமகனுக்கு ஒரு மப்ளர். பத்து நாளில் பெருவிரலடியில் குத்தல், தோளில் கனம். "வயசு போட்டுது, இனி ஏன் இது?" என்று ஊசியும் நூலும் திரும்ப அலமாரிக்குள் போய்விடும்.

அம்மா, வயதின் மேல் பழி போடாதீர்கள்! நியூ சவுத் வேல்ஸில் ஆல்ஃபி டேட் என்ற முதியவர் தம் 109 வயதில், பிலிப் தீவில் எண்ணெயில் சிக்கும் சிறிய வகைப் பெங்குவின்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். 1932இல் பழகிய கைவேலை. நமக்கு அறுபதிலேயே சலிப்பா?

குற்றம் உங்கள் கையில் இல்லை, சோபாவில் இருக்கிறது. மெத்தென்ற சோபாவில் அமிழ்ந்தால் முதுகு வளையும், தாடை நெஞ்சைத் தொடும், முழங்கை அந்தரத்தில் தொங்கும். ஒரு கண்ணி நழுவிவிட்டால் தோள் காதுவரை ஏறும். கண்ணியைப் பிடித்த பிறகும் அது இறங்காது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்!

எழுந்து சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு வாருங்கள். இடுப்புக்குப் பின்னால் சின்னக் குஷன், பாதம் முழுதும் தரையில். மடியில் ஒரு தலையணை வைத்து முன்கைகளை அதன்மேல் சாயவிடுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். ஊசியைக் கோழிக் கழுத்தைப் பிடிப்பதுபோல் நெரிக்காதீர்கள். குளிர்ந்த விரல்களோடு தொடங்க வேண்டாம், முதலில் வெந்நீரில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். "இந்த ஒரு வரிசையை முடிச்சிட்டு" என்பதுதான் எல்லா வலிக்கும் தாய்!

போர்வை பின்னுகிறவர்களுக்கு வளர வளர அதன் பாரமெல்லாம் மணிக்கட்டில் ஏறும். வட்ட ஊசிக்கு மாறினால் பாரம் மடியில் தங்கும். இன்னொரு வழியும் உண்டு. சிட்னியின் 'ராப் வித் லவ்' அமைப்புக்காகப் பின்னுகிறவர்கள் 25 செ.மீ. சதுரங்களாகப் பின்னி, 28 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை ஆக்குகிறார்கள். கையில் இருப்பது எப்போதும் ஒரு சதுரம்தான்.

வலியை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? 1980களில் இதே நாட்டில் தட்டச்சுப் பலகையில் வேலை செய்த பெண்கள் கைவலி என்றபோது, நடிப்பு என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அலுவலகங்களில் நாற்காலியின் உயரமும் இடைவேளையும் பேசுபொருளாயின.

பெருவிரலும் பக்கத்து இரு விரல்களும் இரவில் மரத்துப்போனால் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படலாம். குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் நேராகவும் போகலாம், கடிதம் கட்டாயமில்லை. போகும்போது ஊசியையும் நூலையும் பையில் எடுத்துச் சென்று, அவர் முன்னால் ஒரு வரிசை பின்னிக் காட்டுங்கள். நிறுத்துவதற்கு வழி கேட்காதீர்கள், தொடர்வதற்கு வழி கேளுங்கள்!