சிறுவாடு யார் பணம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். வலை பொத்துவதும் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும் நடக்கும். வீட்டுக்கு வரும்படி மட்டும் நடக்காது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாத அடுப்புக்கு அது எத்தனை நாள் வரும் என்று எந்த வீட்டுப் பெண்ணும் விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். போதாக்குறைக்கு, தடை முடிகிற சமயத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். நோட்டு, சீருடை, வேன் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும்.

அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். காதிலும் கழுத்திலும் கிடப்பது அடகுக்கடைக்குப் போகலாம். வட்டிக்காரரிடம் கை நீட்டலாம். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கடலுக்குப் போகத் தொடங்கியதும் பிடிக்கிற மீனை அவர் சொல்லும் விலைக்கே போட ஒப்புக்கொள்ளலாம். சில வீடுகளில் மட்டும் நான்காவதாக ஒன்று திடீரென்று வெளியே வரும்: மனைவி யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்த சிறுவாடு. வந்ததும் அதற்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு பெரும்பாலும் நன்றியாக இருப்பதில்லை. “இவ்வளவு நாளா எனக்குத் தெரியாம வச்சிருந்தியா?” என்ற கேள்விதான்.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. சிறுவாடு என்றாலே நம் சினிமாவும் துணுக்குகளும் அதை ஒரு செல்லக் குறும்பாகக் காட்டிப் பழக்கிவிட்டன. நடப்பது என்னவென்று பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதில்லை. மளிகைக்குக் கொடுத்த ஐந்நூறில் முப்பது நின்றுவிடும். குழம்புக்குப் பாறை வாங்கச் சொன்ன அன்றைக்குச் சாளை வாங்கினால் அந்த வித்தியாசம் நின்றுவிடும். நின்ற காசு அரிசிப் பானைக்குள், கடுகு டப்பாவுக்குள், மடித்து வைத்த கல்யாணப் புடவைக்குள், மாதா படத்துக்குப் பின்னால் போகும். கொஞ்சம் பெரிய தொகையானால் அம்மா வீட்டுக்குப் போகும். நடுவில் கணவர் “கையில ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டால் பதில் “இல்ல” என்பதுதான். அந்த “இல்ல” பொய். நல்ல காரணத்துக்காகச் சொன்னதால் அது உண்மையாகிவிடாது.

பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அது யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று கேட்க வேண்டும். அந்தப் பணம் கணவருடையது என்றால் இது பொய்யோடு சேர்ந்த திருட்டு. இங்கிலாந்து நீதிமன்றம் ஒருகாலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது. 1943-ல் வந்த பிளாக்வெல் வழக்கில், வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு மனைவி ஆக்ஸ்போர்டு கூட்டுறவுச் சங்கத்தில் தன் பேரில் போட்டு வைத்திருந்த நூறு பவுண்டுச் சொச்சம் கணவருக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. கொடுத்தவர் அவர், ஆகவே மிச்சமும் அவருடையது. இந்த வாதத்தின் ஓட்டையை யாரும் பார்க்கலாம்: ஊதாரியாகச் செலவழித்திருந்தால் அந்தப் பெண் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. சிக்கனமாக இருந்ததால்தான் வழக்கில் தோற்றார். 1964-ல் சட்டம் போட்டு, இப்படிச் சேரும் பணம் இருவருக்கும் பாதிப் பாதி என்று மாற்றினார்கள்.

நம் ஊர் இந்த இடத்துக்கு மெதுவாக வந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் மனைவிக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்றது. மனைவி வீட்டை நடத்தியதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் அடிப்படை. கடற்கரைக் குடும்பத்துக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்தும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் பிள்ளையின் காய்ச்சலையும் ரேஷன் கடை வரிசையையும் மறந்துவிட்டுப் போக முடிகிறது என்றால், கரையில் அவற்றைச் சுமக்க ஆள் இருப்பதால்தான். ஆகவே சிறுவாடு திருட்டாகாது. அதில் பாதியாவது அவளுடையது.

மீதிப் பாதி? அங்கேதான் நம்பிக்கை பற்றிய கேள்வி வருகிறது. இருவர் சேர்ந்து நடத்தும் வீட்டில் ஒருவர் மட்டும் கையிருப்பை மறைப்பது எப்படி நியாயம் என்று கேட்பவர்கள், இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: அந்த வீட்டில் யார் முதலில் மறைத்தது? ஏலம் முடிந்து, டீசலும் ஐஸும் சாப்பாட்டுச் செலவும் கழித்து, பங்கு கைக்கு வந்தபோது அது எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாது. துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு கரைந்தது என்றும் தெரியாது. இது கடற்கரையோடு நிற்கிற பழக்கமும் இல்லை. மாதச் சம்பளக்காரர் தன் வருங்கால வைப்பு நிதியையும் பங்குச்சந்தைக் கணக்கையும் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் நிதித் திட்டமிடல். அரிசிப் பானைக்குள் இருந்தால் மட்டும் அதற்குக் கள்ளத்தனம் என்று பெயர் வந்துவிடுகிறது.

இந்தக் கரையில் சேமிப்பு ஏன் இவ்வளவு பதற்றத்தோடு நடக்கிறது என்பதற்கு மன்னார் வளைகுடாவின் பழைய கணக்கே சாட்சி. முத்துப் பார்கள் நினைத்தபோது விளைவதில்லை. 1928-ல் முத்துக்குளிப்பு நடந்த பிறகு, மறுபடி நடக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1961-க்குப் பின் நடக்கவே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மூன்றில் ஒன்றுதான் குளித்தவர்களுக்கு. சில வாரம் கையில் காசு புரளும், பிறகு வருடக்கணக்கில் பார் வெறுமையாகக் கிடக்கும். முத்து போய் மீனும் இறாலும் வந்த பிறகும் வரும்படியின் குணம் மாறவில்லை. ஒரு நாள் நல்ல பாடு, ஒரு வாரம் டீசல் காசுக்கும் தேறாது. இப்படிப்பட்ட வருமானத்தில் நல்ல நாளின் பணத்தை அன்றே யார் கண்ணிலும் படாமல் ஒதுக்காவிட்டால் அது தங்காது. கணவர் கண்ணில் மட்டும் என்றில்லை. மைத்துனர், பக்கத்து வீடு, கோயில் திருவிழா வரி, தன் சொந்த ஆசை எல்லாவற்றிடமிருந்தும்தான் அவள் ஒளிக்கிறாள். விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் சேர்த்து வைப்பதற்காகவே மற்றப் பெண்கள் ஒரு பெண்ணிடம் தினம் ஐந்து ரூபாய் கொடுத்துவந்ததை, ஏழைகளின் சேமிப்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு எழுதியிருக்கிறார். 220 தவணையில் 1,100 கொடுத்தால் திரும்பி வருவது 1,000. வட்டி வாங்காமல், வட்டி கொடுத்துச் சேமித்தார்கள். வீட்டுக்குள் பணத்தைக் காப்பது அவ்வளவு கடினம்.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு இந்த ஒளிவிடங்களையெல்லாம் ஒரே அடியில் திறந்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் காட்ட வேண்டும். வரித்துறை அப்போது துருவிய ஒரு வழக்கில், இல்லத்தரசிகள் வங்கியில் செலுத்திய 2.5 லட்சம் வரையான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று ஆக்ரா தீர்ப்பாயம் 2021-ல் சொன்னது. தீர்ப்பாயத்துக்கே அது சேமிப்பு என்று புரிந்திருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறதே, அதில் போட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்கு அவள் பேரில். குறுஞ்செய்தி வருவது வீட்டில் இருக்கும் ஒரே கைபேசிக்கு, அதாவது கணவர் சட்டைப்பைக்கு.

இனி உண்மையிலேயே சிக்கலான இடம். தடைக்காலத்தில் கணவர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு இருபதாயிரம் வாங்கப் போகிறார். அரிசிப் பானையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. சொல்ல வேண்டுமா? இந்தக் கட்டுரையின் தீர்ப்பு: சொல்ல வேண்டும். ஆபத்துக்கு என்று சேர்த்த பணம் ஆபத்து வந்தபோதும் ஒளிந்திருந்தால், அந்தப் பதினைந்தாயிரத்துக்கு மட்டும் மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வட்டி சும்மா வெளியே போகும். அதைக் கட்டப்போவதும் அதே அடுப்படிக் காசுதான். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தும், அந்த வட்டி எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பதை நெல்லை, தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணம் இருக்கிறது என்பதைச் சொல்லட்டும், எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம். எடுத்துக் கொடுக்கும் உரிமை அவளிடமே இருக்கட்டும்.

ஆனால் சொன்னால் அடி விழும், கொடுத்த பணம் நேராக டாஸ்மாக்குக்குப் போகும் என்கிற வீட்டில் இந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கே மௌனத்தின் பழி மௌனமாக இருப்பவள் மேல் இல்லை. உண்மையைச் சொல்ல முடியாத வீடாக அதை ஆக்கியவர், உண்மை கேட்கும் உரிமையையும் அன்றே இழந்துவிட்டார்.

இதில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செலவு உண்டு. ஒளித்த இடம் மகளுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது. “அப்பாகிட்ட சொல்லிராத” என்று பத்து வயதில் கேட்டு வளரும் பெண், கல்யாணமான முதல் மாதமே தனக்கொரு டப்பா தேடுகிறாள், கணவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கும் முன்பே. மகனோ வீட்டில் பணம் எப்படி மிஞ்சுகிறது என்பதைக் கடைசிவரை கற்றுக்கொள்வதே இல்லை. தாய்மார்கள் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் இதுதான்: மகனையும் அந்தக் கணக்கில் உட்கார வைப்பது.

ஒரு பாதி வழியை அரசு ஏற்கெனவே போட்டிருக்கிறது. மீனவ மகளிர் சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் ஒரு பெண் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. அரிசிப் பானைக்குள் ஒளிந்து நடந்த அதே காரியத்துக்கு இங்கே பாஸ்புத்தகம் உண்டு, இருமடங்கு பரிசும் உண்டு. கணவருக்குத் தெரிந்தே, மனைவி பேரில், யாரும் பொய் சொல்லாமல் சேர்கிற பணம். தொகைதான் சிறியது. ஒரு ஆள் வலையைப் புதுப்பிக்கக்கூடப் போதாது. அதைப் பெரிதாக்கும் வரைக்கும், பங்குக் காசு கைக்கு வந்த அன்றே மனைவியிடம் தொகையைச் சொல்லிவிடும் கணவரால் செய்ய முடிந்தது எந்தத் திட்டத்தாலும் ஆகாது. அதற்கு விண்ணப்பமும் வேண்டாம், செலவும் இல்லை.