குருதியின்மேற் பழி

ஒரே வைரசு ஒருவரைத் தும்மலோடு விட்டகல, மற்றவரை மாய்ப்பது ஏன்? விதி என்றனர் முன்னோர். பரம்பரையலகு என்கிறது இன்றைய விஞ்ஞானம். பிறவி நிர்ப்பீடனத்தில் மனிதருக்கிடையே வேற்றுமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. கொவிட் நோயைக் கடுமையாக்கும் மூன்றாம் நிறமூர்த்தத்துப் பகுதியொன்று நியண்டர்தால் மனிதர்வழி வந்ததென 2020 இல் சேபெர்க், பேபோ என்னும் விஞ்ஞானிகள் காட்டினர். வங்காளதேசத்தவருள் நூற்றுக்கு 63 பேர் அதனைத் தாங்குகின்றனராம். (பன்னிரண்டாம் நிறமூர்த்தத்திலே வைரசைச் சிதைக்கத் துணைசெய்யும் காப்பும் அதே மூதாதையர் தந்ததே!)

அவ்வாண்டே, இங்கிலாந்தில் வங்காளதேச வழியினரின் மரண அபாயம் வெள்ளைப் பிரித்தானியரிலும் ஏறக்குறைய இருமடங்கெனக் கணித்த அரசாங்க அறிக்கை, அவர்தம் தொழிலைக் கணக்கிற் சேர்க்கவில்லை. வாடகைக்கார் ஓட்டியவரை, உணவகத்தில் உழைத்தவரை மறந்து குருதியைக் குற்றவாளியாக்குவது யாருக்கு வசதி? நோய்க்கு எளிதில் ஆட்படும் உடலென அறிந்தால், ஊதியத்துடன் விடுப்பு அவர்க்கன்றோ முதலிற் கிடைத்திருக்கவேண்டும்!