சட்டம் தந்த உடல்

கம்பெனியை ‘நிறுமம்’ என்று பிளஸ் டூ வணிகவியலில் படித்தோம். சட்டத்தால் உண்டாக்கப்பட்ட செயற்கை நபர் என்று அதற்கு விளக்கம். அது பிறந்ததற்கான அத்தாட்சி, கூட்டுருவாக்கச் சான்றிதழ். ஆங்கிலத்தில் இதை ‘இன்கார்ப்பரேஷன்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ‘கார்ப்பஸ்’ என்ற லத்தீன் வேருக்கு உடல் என்று பொருள். உடலே இல்லாத ஒன்றுக்குச் சட்டம் உடல் தருகிறது. உடலோடு பிறந்தவர்களுக்கு அதே சட்டம் என்ன தந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 9: சான்றிதழில் குறித்த நாளிலிருந்து கம்பெனி தனி நபர். சொத்து வாங்கும், ஒப்பந்தம் போடும், வழக்குத் தொடுக்கும். பங்குதாரர்கள் இறந்தாலும் அது இறக்காது. இந்தத் தனித்தன்மையை உறுதி செய்தது 1896இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தந்த சாலமன் வழக்குத் தீர்ப்பு. பூட்ஸ் செய்து விற்ற சாலமன் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நொடித்தது. கடன் கம்பெனியுடையது, சாலமனுடையது அல்ல என்றது தீர்ப்பு. அன்றைய சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் வேண்டும் என்பதால் மனைவி பெயரிலும் ஐந்து பிள்ளைகள் பெயரிலும் ஆளுக்கொரு பங்கு. நவீன கம்பெனிச் சட்டத்தின் அடிக்கல்லிலேயே எண்ணிக்கைக்காகச் சேர்த்த ஒரு மனைவி இருக்கிறார்.

இந்தியாவில் 1913இல் கம்பெனிகள் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, சட்டம் படித்த ரெஜினா குஹா வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்டு விண்ணப்பித்தார். வழக்கறிஞர் சட்டத்தில் உள்ள ‘நபர்’ என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921இல் சுதாங்சுபாலா ஹஸ்ராவுக்குப் பாட்னாவிலும் அதே பதில். அந்தத் தடை நீங்க 1923இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. காகிதத்தில் பிறந்த கம்பெனி நீதிமன்றப் படியேறி நபராக நின்ற காலத்தில், கைகால் உள்ள பெண்ணுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. யார் நபர் என்பது இயற்கை சொல்லும் செய்தி அல்ல, அதிகாரம் எடுக்கும் முடிவு.

அரசியல் சாசனச் சட்டத்தில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. அமெரிக்க உரிமைச் சாசனம் முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. 1868இன் பதினான்காம் திருத்தத்துக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில், அதன் உரிமைகளை நீதிமன்றம் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் பொருத்தியது. அதாவது, வெளியே நின்ற உரிமையை உள்ளே இழுத்துக்கொள்வது. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை நம் அடிப்படை உரிமைகளுக்குள் வைத்து வாசித்து, 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிட வழிகாட்டு நெறிகளைத் தந்தது. அவை தனியார் கம்பெனி வாசலுக்குள்ளும் போயின. அது சட்டமாக இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு செயல்கள். ஒன்று பொறுப்பைப் பிரித்து வெளியே வைக்கிறது, மற்றொன்று உரிமையை உள்ளே கொண்டுவருகிறது. இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைக் காண நான் வசிக்கும் செம்பரம்பாக்கத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிப்ட் பஸ்கள் இரவும் பகலும் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் 250 பேருக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் மற்றவர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். போனை விற்பது ஒரு கம்பெனி, பூட்டுவது இன்னொன்று, ஆள் எடுப்பது ஒப்பந்ததாரர், விடுதியும் சாப்பாடும் வேறு கைகளில். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொருவரும் தனித்தனி நபர். வலித்த வயிறு மட்டும் ஒன்றுதான்.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணிடம், “உனக்கு முதலாளி யாரும்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “அடையாள அட்டையில ஒரு பேரு, சம்பளச் சீட்டுல ஒரு பேரு இருக்குக்கா. எது சொல்லணும்?” என்றாள். சாலமன் வழக்கை விளக்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் கூட்டுருவே தீங்கு என்று முடிவுகட்டலாமா? என்னால் முடியாது. தொழிற்சங்கம் பதிவானால் அதுவும் சட்ட நபர் ஆகும் என்றது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பிரிவு 13. தனியாகப் பேசினால் வேலை போகும் பெண்ணுக்குச் சங்கம் ஓர் இரண்டாவது உடல். அந்த உடல் எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்பதைச் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். சங்கத்தைப் பதிவு செய்யவும் அங்கீகரிக்கவும் கேட்டு 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. முதலீட்டுக்கு உடல் தருவதற்கு அரசுக்கு ஒரு விண்ணப்பமும் கட்டணமும் போதும். உழைப்பவர்கள் கேட்டால் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது.

கம்பெனி என்பது இயற்கையாக முளைத்ததல்ல, பொதுமக்கள் பெயரால் அரசு தரும் சலுகை. சலுகை தருபவர் நிபந்தனை விதிக்கலாம். கம்பெனி குடிமகன் அல்ல என்று 1963இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை கம்பெனிகள் அடுக்கடுக்காக நின்றாலும், வேலை செய்பவளின் உணவுக்கும் உறக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் அந்த உழைப்பால் லாபம் அடையும் எல்லாரும் சேர்ந்தே பொறுப்பு என்பது முதல் நிபந்தனையாக வேண்டும். அதை அவளுடைய பணி நியமனக் கடிதத்தில், அவள் படிக்கும் தமிழில், பெயர்களோடு எழுதித் தரட்டும்.