உடலைப் பற்றிச் சொல்லும் உரிமை யாருக்கு?

இலங்கையில் கல்வி, சுகாதார அமைச்சுகள் ஏழாம் தரப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த 'ஹதே அபே பொத' என்ற இனப்பெருக்கச் சுகாதாரக் கையேடு, பௌத்த பிக்குகள் சிலரின் எதிர்ப்புக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. அது 2019இன் இறுதியையொட்டி நடந்தது. எதிர்ப்பில் இரண்டு வாதங்கள் கலந்திருந்தன. இந்த வயதில் இவ்வறிவு மனத்தைக் கெடுக்கும் என்பது ஒன்று. இதைச் சொல்ல வேண்டியது வீடும் சமயமுமே, அரசல்ல என்பது மற்றது.

முதல் வாதத்துக்குச் சமய மரபுகளே முழுத் துணை நிற்பதில்லை. உடலின் முப்பத்திரண்டு கூறுகளைத் தியானிப்பது தேரவாதப் பயிற்சி. அது பற்றறுக்கச் சொல்லப்படுவதுதான். ஆயினும் உடலைப் பெயர் சொல்லி அறிவது ஒழுக்கத்துக்குப் பகை என்று அம்மரபு கருதவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையில், வயதுக்கேற்ற விவேகமான பாலியல் கல்வி இளையோருக்கு வேண்டும் என்றது.

இரண்டாவது வாதம் கனமானது. அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் அதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் தெரியும். பிள்ளை பெரிய மனுஷியானால் தாய்மாமன் சீரோடு சடங்கு நடக்கும். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவும். உடலில் நடந்தது என்ன, ஏன் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்வதில்லை. ஊரறிந்த ஒன்றை அவளிடம் மட்டும் மறைத்து எந்தக் கள்ளமின்மையைக் காக்கிறோம்? தாய் விடிந்ததும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள், அல்லது வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு வீடு சொல்லும் என்பது பல வேளைகளில் யாரும் சொல்லாமலிருப்பதற்கான ஏற்பாடாகவே முடிகிறது.

பெற்றோரின் உரிமை அவர்களது கடமையிலிருந்து பிறப்பது. பிள்ளை அவர்களின் உடைமையல்ல. பெற்றோரே முதல் ஆசிரியர் என்னும் அதே வத்திக்கான் அறிக்கை, அவர்களால் இயலாதபோது அரசு துணைக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தத் துணை சட்டத்தோடு நின்றால் போதாது. இலங்கையில் பாலுறவுக்கு இசையும் வயதை 1995இல் பதினாறாக உயர்த்திய சட்டமும், தனக்கு நேர்ந்த தவறைப் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதிகம் உதவாது.

ஆனால் தோட்டத்து மக்கள் அரசை நம்பத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்த காலத்தில், தோட்டப் பெண்கள் விளக்கம் பெற்றுத்தான் இசைந்தார்களா என்ற கேள்வி பலமுறை எழுந்தது. இதனால் அறிவு வேண்டாம் என்றாகாது. விளங்கியிருந்தால் அவர்கள் மறுத்திருக்கவும் முடியும். பாடத்தின் நோக்கம் பிள்ளைப்பேற்றைக் குறைப்பதா, தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கப் பழக்குவதா என்பதைப் பெற்றோர் கேட்பது நியாயம். யார், எந்த மொழியில், எந்த வயதில் கற்பிப்பது என்பதிலும் அவர்கள் சொல்லுக்கு இடம் வேண்டும். பாடமே வேண்டாம் என்னும் உரிமை அதில் அடங்காது.