உடந்தை என்று நிற்கும் பிள்ளைக்காக யார் பேசுவது?

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மாண்டவர்கள் நம் சகோதரர்கள். அக்குற்றத்துக்கு உடந்தையென்று பிடிபட்ட ஒரு வாலிபனுக்குச் சட்டத்தரணி வேண்டுமென்று கத்தோலிக்கன் ஒருவன் கேட்கலாமா? கேட்கத்தான் வேண்டும் என்பது எமது துணிபு.

அதே வாரம் வெள்ளிக்கிழமை இரவு, ஏப்ரல் 26இல், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் குண்டுகள் வெடித்தன. 6 சிறுவர் உட்பட 15 பேர் இறந்தனர். புதிதாகக் குடிவந்தோர்மேல் ஐயங்கொண்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை நம் வீடுகளில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அதன்பின் நாடெங்கும் பலர் கைதாயினர். வீடு பார்த்துக் கொடுத்தவன், வாகனம் ஓட்டியவன், கூடப் படித்தவன் ஆகிய எல்லோர்மேலும் சந்தேகம் விழும். நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி உடந்தையென்பது தூண்டுவது, சதியில் சேருவது, வேண்டுமென்றே உதவுவது. பக்கத்தில் நின்றது மட்டும் உடந்தையாகாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அறிந்திருந்தும் பொலிசாருக்குச் சொல்லாதவனுக்கு 7 ஆண்டுவரை சிறை என்றது. ஆகவே அவன் என்ன அறிந்திருந்தான் என்பதே முழு வழக்கும். அதை அவன் எங்கே, யார் முன்னால் சொல்கிறான்? சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. இச்சட்டத்தின் கீழோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்தாலே சாட்சியமாகும். தடுப்பிலுள்ளவரைச் சட்டத்தரணி சந்திக்கும் உரிமை அச்சட்டத்தில் எழுதப்பட்டதோ 2022இல், 43 ஆண்டுகள் கழித்து!

இராயப்பரை நினைத்துப் பாருங்கள். தலைமைக்குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தவரை, இவனும் அவரோடு இருந்தவனென்று ஒரு வேலைக்காரி காட்டிக் கொடுத்தாள். பயத்தில் அவர் சொன்னது பொய். ஆண்டவரையே அறிந்தவர் அப்படியானால், இருபது வயதுப் பையன் பூட்டிய அறைக்குள் எதற்குத்தான் கையெழுத்திடமாட்டான்?

கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டத்தரணிகள் துணை நின்றிராவிட்டால் என்னவாகியிருக்கும்?

கட்டுவாப்பிட்டியில் பிள்ளையைப் புதைத்த தாயின் முகத்தைப் பார்த்து இவற்றைச் சொல்ல எமக்கும் நா எழாது. என்றாலும், அறியாதவன் ஒருவன் பயந்து ஒப்புக்கொண்டால், உண்மையில் உதவியவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவான். அந்தத் தாயும் ஏமாற்றப்படுவாள்.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு ஏழைகளுக்காக வாதாடுகிறது. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவன் கேட்டால் நீதிபதியே ஒருவரை நியமிப்பார். ஆனால் அதற்குள் மாதங்கள், சிலவேளை வருடங்கள் ஓடிவிடும். முதல் இரவில் பொலிஸ் நிலைய வாசலில் நிற்பது பெற்ற தாய் மட்டுமே. நம் பங்குகளிலும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். கல்முனைத் தாயொருத்தி அவர்களுடைய கதவைத் தட்டினால், பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுமா?