ஒவ்வோர் எழுத்தாக

ஆலிஸின் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். 1877-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில், பொழுது போகவில்லை என்று வந்து நின்ற இரண்டு பெண்களுக்காக ஒரு சொல் விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1879 மார்ச்சில் 'வானிட்டி ஃபேர்' என்ற லண்டன் பத்திரிகையில் 'டப்ளட்ஸ்' என்ற பெயரில் அது வெளிவரத் தொடங்கியது. எழுத்துக் கணக்கில் சமமான இரண்டு சொற்களைக் கொடுப்பார். முதற் சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டும். கிடைப்பதும் ஒரு சொல்லாக இருக்க வேண்டும். அதில் இன்னோர் எழுத்து, பிறகு இன்னொன்று. இப்படிப் படிப்படியாகப் போய் இரண்டாவது சொல்லைத் தொட வேண்டும். தலையை வாலாக்குவது ஒரு புதிர். குரங்கை மனிதனாக்குவது இன்னொன்று. மனிதனின் தோற்றத்தைப் பற்றிய டார்வினின் புத்தகம் 1871-இல் வந்திருந்தது. எட்டு வருஷத்துக்குள் அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

கோதுமையை ரொட்டியாக்க அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலத்தில் 'வீட்' ஓர் எழுத்து மாறினால் 'சீட்', அதாவது ஏமாற்று. அதிலிருந்து மலிவு. மலிவிலிருந்து கோழிக் குஞ்சின் கீச்சொலி, பிறகு ஊர்தல், பிறகு மதக் கொள்கை, பிறகு இனம், கடைசியில் ரொட்டி. கோதுமை மண்டியை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தவர்கள் முதல் இரண்டு படிகளை ஆட்சேபிக்க மாட்டார்கள்.

தமிழில் இந்த விளையாட்டை விளையாடிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கு எழுத்து 26, நமக்கு 247. நம் உயிர்மெய் ஒன்றிலேயே இரண்டு ஒலிகள் அடங்கியிருப்பதால், சின்னச் சொற்களில் நாம் தாவிவிடுகிறோம். பணத்திலிருந்து குணத்துக்கு ஒரே படி. பிணத்துக்கும் ஒரே படி. 'எடு' என்பதைக் 'கொடு' ஆக்க ஓர் எழுத்துப் போதும். பொய்யும் மெய்யும் அடுத்தடுத்த வீடுகள். ஒரு படியில் உயிரையோ மெய்யையோ ஒன்றை மட்டும்தான் மாற்றலாம் என்று கண்டிப்பாக விளையாடினால், பொய்க்கும் மெய்க்கும் நடுவே 'மொய்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்கு இதில் அதிசயம் இராது.

வேடிக்கை இருக்கட்டும். கரோல் வைத்த விதிகளில் ஒன்று என்னை வெகு நாளாக உறுத்துகிறது. இடையில் வரும் ஒவ்வொரு சொல்லும் கண்ணியமான மனிதர்கள் கூடிய இடத்தில் சொல்லத் தக்கதாக இருக்க வேண்டுமாம். வேறொரு சோதனையும் இல்லை. முந்தின சொல்லுக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசமா? சபையில் சொல்லக் கூடியதா? இரண்டும் சரி என்றால் மேலே போகலாம். புறப்பட்ட இடத்துக்கும் நிற்கிற இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நடுவில் யாரும் கேட்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கிழவி தன் வாயால் சொன்ன விஷயம் அது. பெரிய மகன் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, அவளுடைய முக்கால் ஏக்கர் நஞ்சையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். கதையில் அவள் மகன் வீட்டு வாசலில் நின்று, "நீ என் பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

பத்திரிகை ஆசிரியர் மரியாதை தெரிந்தவர். மாற்று என்று ஒரு முறைகூட எழுதியதில்லை. யோசித்துப் பாருங்கள் என்றுதான் எழுதுவார். பெற்றவள் வாயில் அந்த வாக்கியம் கடுமையாக இல்லையா? யோசித்தேன், "நீ இப்படிச் செய்யலாமா?" என்று ஆயிற்று. கேள்வி கேட்டால் பதில் வேண்டுமே; மகனுக்கு ஒரு கடன் கொடுத்தேன். வில்லனும் மனிதன்தானே, இலக்கிய ரீதியில் இது முன்னேற்றம் என்றுகூட நினைத்தேன். கடன் இருந்தால் தாய்க்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. தெரிந்தவள் தாளைப் பார்க்காமலா கைநாட்டு வைத்தாள்? பார்த்துத்தான் வைத்தாள். ஐந்தாவது கடிதம் வந்தபோது தலைப்பில் 'தாய்' என்ற சொல்லும் வந்து சேர்ந்துவிட்டது. கதை வெளியாயிற்று. கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதினார்கள்.

யாரோ அதை அந்தக் கிழவிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். குழாயடியில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "ஏந்தம்பி, நான் எங்கே குடுத்தேன்? அவனில்ல எடுத்துக்கிட்டான்?"

ஐந்து கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எந்த இடத்தில் தவறினேன் என்று தேடினேன். ஒரு படியிலும் தவறு அகப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்றும் என்னால் நியாயம் சொல்ல முடியும். படிப்படியாக மாறுவதே பாவம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. குடிகாரன் குடியை விடுவது அப்படித்தான். எழுதத் தெரியாதவன் எழுதக் கற்பதும் அப்படித்தான். மன்னிக்கிற தாய் உலகத்தில் இல்லை என்றும் சொல்லமாட்டேன். இருக்கிறாள், ஆனால் எனக்குக் கதை சொன்னவள் அவள் அல்ல.

விளையாட்டில் இரண்டு சொற்களையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், வாழ்க்கையில் அடுத்த படி மட்டுமே தெரிகிறது, ஆகையால் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று கொஞ்ச நாள் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அது நிலைக்கவில்லை. அந்தப் பத்திரிகையை நான் வாரந்தோறும் படிக்கிறவன். அதில் வருகிற தாய்மார்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் கடிதத்தைப் பிரித்தபோதே கடைசிச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரேயடியாக அதை எழுதச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், கோபித்திருப்பேன், நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருப்பேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டதால் கொடுத்தேன். அப்படிக் கேட்டது எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பதுதான் உண்மை.

கரோலின் ஏணியில் இறங்கியவன் அதே படிகளில் திரும்ப ஏறலாம். ரொட்டி மறுபடி கோதுமையாகும். நானும் கதைத் தொகுதி போட்டபோது பழைய வாசகத்தையே சேர்த்தேன். கிழவியிடம் போய், "ஆத்தா, சரியா மாத்திட்டேன், படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இருக்கட்டும் தம்பி. மொதல்ல போட்டாங்களே, அந்தப் புஸ்தகத்தை எம் மவன் பத்திரமா பெட்டியில வச்சிருக்கான். வர்றவுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுறான்" என்றாள்.