நினைவு நாளில் நடாதீர்கள்

ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். நிறைவேற்றுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். இப்போது அந்த வாக்கு உயிரோடு இருக்கிறதா, அதுவும் அவரோடு சேர்ந்து போய்விட்டதா?

'ஆளே போயாச்சு, இனிமே யார் வந்து கேக்கப் போறாங்க?' என்பவர்கள்தான் நம்மில் அதிகம். கேட்க ஆள் இருந்தால்தான் கடன் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. கிரேக்க நாட்டு எபிக்யூரஸ் கூட ஏறக்குறைய இவர்கள் கட்சிதான். செத்த பிறகு மனிதனுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, உணர்வதற்கு அவன் இல்லையே என்று வாதாடியவர். அப்படிப் பார்த்தால், வாக்குத் தவறினாலும் இறந்தவருக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது.

இந்த வாதத்துக்கு நன்றாகப் பதில் சொன்னவர் என்று எனக்குத் தோன்றுகிறவர் ஒரு சிரிப்பு நடிகர். விவேக்.

விவேக்கை நமக்கெல்லாம் தெரியும். நேரில் பழகியவர்கள் சொற்பம். ஆனாலும் டி.வி. வழியாக வீட்டுக்குள் வந்து, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த நம்மைப் புரையேறச் சிரிக்க வைத்த மனிதரைச் சிநேகிதர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? மதுரை அமெரிக்கன் கல்லூரியில் காமர்ஸ் படித்தவர். 1987-இல் பாலசந்தரின் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகமாகி, 'சின்னக் கலைவாணர்' என்ற பட்டத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் நம்மோடு இருந்தார். 2009-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

இப்படிப்பட்டவருக்கு மரம் செடி மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் அப்துல் கலாம். மரம் நடச் சொன்னார் கலாம். சரி என்று தலையாட்டினார் விவேக். 'கிரீன் கலாம்' என்று பெயர் வைத்து, ஒரு கோடி மரக்கன்று என்று இலக்கும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம், கல்லூரி என்று ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

2015 ஜூலை 27. ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார் கலாம். அதே வருஷம் அக்டோபரில், விவேக்கின் 13 வயது மகனும் இறந்துபோனான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாக்கு வாங்கிய மனிதர் இல்லை. வீட்டிலோ ஆறாத துக்கம். 'போதும்' என்று மண்வெட்டியைக் கீழே போட்டிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்போமா? அவர் போடவில்லை. கலாம் போன பிறகும் அஞ்சே முக்கால் வருஷம், கேட்க ஆளில்லாத ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

2021 ஏப்ரல் 17 விடிகாலை, மாரடைப்பில் விவேக்கும் போய்விட்டார். வயது 59. இறுதி ஊர்வலத்துக்கு வந்த ரசிகர்கள் சிலரின் கையில் மரக்கன்று இருந்தது. நட்டது 33 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்று அன்றைய செய்திகள் சொல்லின. இலக்கு ஒரு கோடி. பாக்கி ஏறத்தாழ 67 லட்சம்.

வாக்கு வாங்கியவர் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு விவேக் வாழ்ந்து காட்டிவிட்டார். வாக்குக் கொடுத்தவரே போய்விட்டால்? அந்தப் பாக்கி யாருடையது?

நானும் காமர்ஸ் படித்தவன்தான். பி.காம். வகுப்பில் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அதில் உருப்போட வேண்டும். அதன் 37-ஆவது பிரிவு இந்தக் கேள்வியைத்தான் பேசுகிறது. இரண்டு உதாரணங்களும் தருகிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சரக்குத் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு, தருவதற்குள் இறந்துவிட்டால், அவருடைய வாரிசுகள் அந்தச் சரக்கைத் தந்தாக வேண்டும். ஆனால், படம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்ட ஓவியர் இறந்துவிட்டால் அந்த ஒப்பந்தம் அவரோடு முடிந்தது. ஓவியர் மகனைப் பிடித்து, 'உங்கப்பா வரைஞ்ச மாதிரியே வரைடா' என்று கேட்க முடியாது.

இதை விவேக்குக்குப் பொருத்திப் பாருங்கள். அவருடைய காமெடி ஓவியம் மாதிரி. அது அவரோடு போயிற்று. அதை மிமிக்ரி பண்ணலாம், தொடர முடியாது. மரம் நடுவது சரக்கு மாதிரி. எந்தக் கை வைத்தாலும் வேப்பங்கன்று வேப்பங்கன்றாகத்தான் வளரும். ஆக, இந்த வாக்கு முடியவில்லை. வாரிசுகளுக்கு வந்து நிற்கிறது.

'வாரிசா? அவங்க குடும்பம்ல பார்க்கணும்?' என்கிறீர்களா? வாரிசு என்றால் யார் என்பதற்கும் வணிகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இறந்தவரிடமிருந்து எவ்வளவு சொத்து வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசு அவர் கடனுக்குப் பொறுப்பு. அப்பா விட்டுப்போனது பத்தாயிரம், வைத்துப்போன கடன் லட்சம் என்றால், மகன் பத்தாயிரத்துக்கு மேல் தரவேண்டியதில்லை.

விவேக்கிடமிருந்து உங்களுக்கு என்ன வந்தது? ஆபீஸில் திட்டு வாங்கி வந்த ஒரு ராத்திரி, சானல் மாற்றும்போது அகப்பட்ட பத்து நிமிஷச் சிரிப்பு? அப்படியானால் அந்த அளவுக்கு நீங்கள் வாரிசு. 67 லட்சமும் உங்கள் தலையில் இல்லை. ஒன்று போதும். எந்தக் கோர்ட்டும் உங்களை இதற்காகக் கூப்பிடாது. வாங்கிக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, ஒரு கன்று நட்டுவிட்டால் கடன் தீர்ந்ததா? இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால் நீங்கள் நிற்பது எங்கள் சூரமங்கலத்தில். இங்கேயும், உங்கள் ஊரில் மாதிரியே, ரோட்டோரம் இரும்புக் கூண்டுகள் நிற்கும். சிலவற்றில் புங்கன், வேம்பு தளதளவென்று இருக்கும். சிலவற்றில் ஒரு காய்ந்த குச்சி. குச்சியும் இல்லாத கூண்டுகளும் உண்டு. ஆனால் கூண்டின் மேல் வைத்த பெயர்ப் பலகை மட்டும் பெயின்ட் அழியாமல் இருக்கும். செடி செத்துவிட்டது, உபயதாரர் வாழ்கிறார்!

ஒரு வீட்டு வாசலில், அரிசி களைந்த தண்ணீரைப் புங்கங்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இது நீங்க வெச்சதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் வெக்கலீங்க. யாரோ வந்து வெச்சு, போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. வாசல்ல வாடி நின்னா பார்த்துட்டு இருக்க முடியுங்களா?" என்றார்.

நட்டவர் கணக்கில் அது ஒரு மரம். அந்த அம்மா எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் மரம் யாருடையது, சொல்லுங்கள்?

கென்யாவின் வங்காரி மாத்தாய் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர். 1977-இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமத்துப் பெண்களுக்குச் சின்னத் தொகை ஒன்று கொடுத்தார்கள். நட்ட கன்றுக்குக் காசில்லை, பிழைத்த கன்றுக்குத்தான் காசு. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட நல்ல கணக்கு முறை தெரியாது. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் அவர் இறந்தபோது, மரத்தில் சவப்பெட்டி வேண்டாம் என்ற அவர் விருப்பப்படி, மூங்கில் சட்டத்தில் ஆகாயத்தாமரைத் தண்டும் பாப்பிரஸ் கோரையும் வைத்துப் பின்னிய பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். இறந்தவர் எதை நேசித்தார் என்று கேட்டுக்கொண்டு செய்த மரியாதை அது.

பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் நடுவே 385 ஆலமரங்களை வளர்த்தவர் சாலுமரத திம்மக்கா. குழந்தை இல்லாத அவரும் கணவர் சிக்கய்யாவும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். மாடு மேயாமல் முள்வேலி போட்டார்கள். முக்கியமாக, மழைக்காலம் பார்த்து நட்டார்கள். 1991-இல் கணவர் இறந்தார். அதற்குப் பிறகும் திம்மக்கா மரங்களை விடவில்லை. 2019-இல் சாலையை அகலப்படுத்த அந்த மரங்களுக்கு ஆபத்து வந்தபோது, அன்றைய முதல்வர் குமாரசாமியிடம் போய் அவற்றைக் காப்பாற்றச் சொன்னார். மரங்களை விட்டுவிட்டு மாற்று வழி பார்க்க உத்தரவானது. 2025 நவம்பர் 14-இல் அவரும் மறைந்தார்.

நினைவு என்பது ஒரு நாள் விழா என்றால் அவர் கணவருக்கு ஒரு கன்று நட்டுவிட்டுப் போயிருக்கலாம். சேர்ந்து வளர்த்ததைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அவர் செய்த திதி.

இப்போது கேலண்டரை எடுங்கள். விவேக்கின் நினைவு நாள் ஏப்ரல் 17. சித்திரை பிறந்து நாலு நாள். எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் அப்போது தார் ரோடு இளகும் வெயில். அன்றைக்கு ஒரு பிஞ்சுக் கன்றை பாலிதீன் பையிலிருந்து எடுத்து மண்ணில் வைத்து, கைதட்டி, போட்டோ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? தினம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் அக்னி நட்சத்திரத்தைக்கூட அது பார்க்காது. மரத்தை நேசித்த மனிதரின் பெயரால் ஒரு கன்றைக் கொல்கிறோம். அஞ்சலி என்று அதற்குப் பெயர் வேறு.

விவேக்கின் பிறந்த நாள் நவம்பர் 19. கார்த்திகை மாதம், மண்ணில் ஈரம் இருக்கும் காலம். கலாமின் பிறந்த நாளான அக்டோபர் 15-உம் மழைக்காலம்தான். இரண்டுமே கன்று வேர் பிடிக்கத் தோதான நாட்கள்.

அதனால் ஒரு யோசனை. பிறந்த நாளில் நடுவோம். நினைவு நாளில் தண்ணீர் ஊற்றுவோம். ஏப்ரல் 17 அன்று புதிதாக எதுவும் நடவேண்டாம். உங்கள் தெருவில் ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டுப் போன கன்று ஒன்று வாடிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு குடம். மறுநாளும் ஒரு குடம். மூன்று கோடை தாண்டிவிட்டால் பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கூண்டில் யார் பெயர் இருந்தால் என்ன?

நடும்போது போட்டோ எடுக்க ஆள் வரும். மூன்றாவது கோடையில் நீங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவரும் வரமாட்டார்கள். ஊற்றவில்லை என்றாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். விவேக் அஞ்சே முக்கால் வருஷம் காப்பாற்றிய வாக்கு இந்த மாதிரிதான்.